ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரும்புலியூரில் காலையில் ஓடப் போகும் பிள்ளைகள் இன்றும் என்னிடம் நின்று பேசுவார்கள். அவர்களுக்கு நான் ஓயாமல் சொல்லும் பெயர் டெக்லா லோரூப். 1994-இல் நியூயார்க் மாரத்தானை வென்ற கென்ய வீராங்கனை. வென்றதோடு அவர் நின்றுவிடவில்லை. கக்குமா அகதி முகாமுக்குப் போய் ஓட்டத் தேர்வு நடத்தி, தேறியவர்களை நைரோபி அருகே தன் பயிற்சி முகாமுக்கே கூட்டிவந்தார். வெறுங்காலோடு ஓடிப் பழகிய ரோஸ் லோகோனியென் அவர்களில் ஒருவர். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் அகதிகள் அணிக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தவர் அவர்தான். அந்த அணியில் 10 பேர். பாதிப்பேர் கக்குமாவிலிருந்து வந்தவர்கள்.

2024 பாரிஸில் அந்த அணி 37 பேராக வளர்ந்தது. கேமரூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சிண்டி இங்கம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். அகதிகள் அணிக்கு அதுவே முதல் பதக்கம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனம் தமிழ்நாட்டில் உள்ள ஈழத் தமிழர் முகாம்களுக்குத்தான் போகிறது. 1983 முதல் ஈழத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இங்கே பிறந்து, இங்கே படிக்கிறார்கள். 2021-இல் மாநில அரசு அவற்றை மறுவாழ்வு முகாம் என்று அழைக்கத் தொடங்கி, புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அங்கே ஒரு பிள்ளைக்குக் காலில் வேகம் இருந்தால்?

இந்தியாவுக்காக ஓட இந்திய பாஸ்போர்ட் வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குச் சட்டப்படி குடியுரிமை உண்டு. அவர்களோ களத்தை விட்டு இறங்கும் வயதைத் தொட்டுவிட்டார்கள். ஓடும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் அந்த பாஸ்போர்ட் இல்லை. சரி, அகதிகள் அணியில் சேரலாமே என்றால், அதற்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் உறுதிசெய்த அகதி நிலை தேவை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஈழத் தமிழர்களைப் பதிவு செய்து பார்த்துக்கொள்வது நம் அரசு, ஐ.நா. ஆணையம் அல்ல. இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிறது பிள்ளை.

திறமையைக் கண்டால் கைதட்டிவிட்டுப் போவது பாதி வேலைகூட இல்லை என்பதை ஆசிரியர் தொழில்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சாப்பாடு, ஷூ, பயிற்சியாளர், காகிதம் நான்கும் சேர வேண்டும். முதல் மூன்றை நம்மால் இன்றே கொடுக்க முடியும். வண்டலூரைத் தாண்டினால் மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. நான்காவதை அரசும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் ஐ.நா. ஆணையமும் உட்கார்ந்து பேசினால்தான் தீர்க்க முடியும்.

பயிற்சியாளர்களே, முகாம் பிள்ளை மைதானத்துக்கு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, போட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.