70 வளைவுகளும் ஒரு நேர்சாலையும்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கிளம்பினால், காரவள்ளி வரை சமதளச் சாலைதான். டிரைவர் சீட்டில் இருப்பவர் பின்னால் இருப்பவர்களோடு அரட்டை அடித்துக்கொண்டே வருவார். அடிவாரம் தாண்டியதும் பேச்சு தானாக நின்றுவிடும். கொல்லிமலையின் புகழ்பெற்ற 70 கொண்டை ஊசி வளைவுகள் அங்கிருந்துதான் ஆரம்பம்!

ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, எதிரே வரும் பஸ்ஸுக்கு இடம்விட்டு ஒரு வளைவை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். வீட்டுக் கடன், ஆபீஸ் பிரச்னை என்று மனசு அலைய அங்கே நேரமே இல்லை. தியான வகுப்பில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளும் கவனத்தை இந்த மலை கட்டாயப்படுத்தி வாங்கிவிடுகிறது.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்லும் வள்ளல். குறி தவறாதவரின் மலைக்குப் பொருத்தமான பாதைதான்.

அறப்பளீஸ்வரரைத் தரிசித்து, ஆகாயகங்கை அருவிக்குப் படியிறங்கி ஏறி, மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பும்போது உடம்பு களைத்திருக்கும். அப்போதுதான் உஷார் தேவை. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கினால், மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குவது பழகிய டிரைவர்களின் வழக்கம். குறுகலான இடத்தில், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

வளைவுகள் முடிந்ததும் வண்டிக்குள் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். பாட்டுச் சத்தம் கூடும், டிரைவரின் கையில் செல்போன் ஏறும். மலையில் இருந்த பயம் போனதும் கவனமும் போய்விடுகிறது. நேர்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். 3 விநாடி போனைப் பார்த்தால், 50 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். காதில் ப்ளூடூத் மாட்டிப் பேசினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கண் சாலையில் இருந்தும் மனசு பேச்சில் இருந்தால், குறுக்கே வரும் சைக்கிள் தெரியாமலே போகலாம்.

அதனால் கொல்லிமலை போகிறவர்கள் அடிவாரத்துக்கு வந்ததும் 10 நிமிடம் வண்டியை ஓரங்கட்டுங்கள். முகம் கழுவி, ஒரு டீ குடித்து, வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, போனைப் பின் சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.