வெயில் குடித்த எடை

ஜூன் நடுவில் ஒரு நாள் பேப்பரில் அந்தச் செய்தி வந்திருந்தது. 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய்விட்டன என்று. தூத்துக்குடிக் கல்லூரியொன்றில் வேலை பார்க்கும் நண்பரும் அன்றே போன் பண்ணினார். “மதுரையில நீங்க திங்கிறதெல்லாம் ஐஸ் மீன். ஒரு நாள் வந்து நல்ல மீன் சாப்பிட்டுப் போங்க.” இதற்கு மேல் எனக்குக் காரணம் வேண்டியதில்லை.

அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று கரிசல் காட்டுக்குள் ஓடும் நான்குவழிச் சாலை. டீக்கு நிறுத்தினாலும் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்காமல் தாண்டியதற்கு நண்பர் திட்டினார். பசி என்றேன்.

மதியச் சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கட்டுரை முழுக்க அதுதான் இருக்கும். பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டு மெஸ். தேங்காய் அரைத்து ஊற்றிய விளமீன் குழம்பு, கணவாய் வறுவல், இரண்டு நண்டு. இந்த ஊரில் விசைப்படகுகள் விடியற்காலை கிளம்பி இரவுக்குள் கரை திரும்பிவிட வேண்டும் என்பது நடைமுறை. நாள்கணக்கில் ஐஸில் கிடக்காத மீனின் ருசி நாக்கிலேயே தெரிகிறது. கடைசியாக ஒரு சின்னத் தட்டில் வறுத்த பாறைக் கருவாடு வந்தது. நண்டை ஒதுக்கிவிட்டு அதையே இன்னொரு தட்டு கேட்டேன். எங்கே வாங்கினது என்று விசாரித்தபோது, “திரேஸ்புரத்துல ஒரு அக்கா போடுதாவ” என்றார் மெஸ்காரர்.

திரேஸ்புரம் நாட்டுப்படகுகளின் கரை. வள்ளங்கள் வரிசையாக நின்றன. சங்கு குளிக்கப் போகிறவர்கள், வலை பொத்துகிறவர்கள், ஏலம் முடிந்து கூடை கழுவுகிறவர்கள். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் இறைத்தது. தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்றின் நிழலில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. மடியில் சாக்கு, காலடியில் பாறை மீன் குவியல், கையில் ஒரு கத்தி.

அந்தக் கத்தியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தார். மீனை வயிற்றில் கீறுவார் என்று எதிர்பார்த்தேன், முதுகில் கீறினார். தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பு. மீன் புத்தகம்போல விரிந்தது. செவுளும் குடலும் விரல் நுனியில் வந்து வாளியில் விழுந்தன. சதை தடித்த இடத்தில் குறுக்கே மூன்று கீறல் போட்டு, கல்லுப்பை அள்ளி ஒவ்வொரு கீறலுக்குள்ளும் பெருவிரலால் திணித்தார். அந்த விரலில் நகம் பாதிதான் இருந்தது.

“உப்பு எவ்வளவு போடணும்க்கா?”

“அளவு என்ன அளவு தம்பி? மீனு கேக்கும், கை குடுக்கும்.”

பிறகு தொட்டியில் அடுக்குவது, மறுநாள் உப்புத் தண்ணீரிலேயே அலசி எடுப்பது, வலை விரித்த பந்தலில் திருப்பித் திருப்பிக் காயவைப்பது. எந்த மீனுக்கு எத்தனை வெயில் என்று ஒரு பெரிய கணக்கு சொன்னார். என் தலையில் நிற்கவில்லை. நெத்திலிக்கு உப்பு இல்லாமலே வெயில் காட்டினால் போதும் என்பது மட்டும் நினைவிருக்கிறது. சூரையை அவித்துப் புகைபோட்டுக் கட்டைபோல இறுக்கும் மாசி இன்னொரு தொழில். இலங்கைக்காரர்கள் சம்பலில் இடித்துப் போடுவது அதைத்தான்.

அக்காவுக்குப் பதினேழு வயதில் கல்யாணம். வீட்டுக்காரர் வள்ளத்தில் தொழில் செய்தவர். இரண்டு பெண் பிள்ளைகளும் சின்னதாக இருக்கும்போது ஒருநாள் கடலுக்குப் போனவர் வரவில்லை. வள்ளம் மட்டும் மூன்றாம் நாள் ஒதுங்கியது. “அழுதுட்டு இருந்தா பிள்ளைய சோறு கேக்கும்லா? மாமியாதான் இந்தக் கத்திய கையில குடுத்தா.” மாமியாருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாதாம். மூத்தவள் நர்ஸ் படித்துக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இளையவள் இதே ஊரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நண்டுச் சதை பிரிக்கப் போகிறாள். கருவாட்டுக்கு இருவரும் வரவில்லை, வரவும் விடமாட்டேன் என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் கணக்கைச் சொன்னார்.

காலை ஏலத்தில் பத்துக் கிலோ பாறை எடுத்தால் 1,800 ரூபாய். கையில் காசு கிடையாது. வட்டிக்கு வாங்கித்தான் எடுக்க வேண்டும். குடல், செவுள் போய், மூன்று நாள் வெயிலும் குடித்தபிறகு மிஞ்சுவது மூன்றரைக் கிலோ. யாவாரி கிலோவுக்கு 600 போடுகிறார். 2,100 ரூபாய். அதில் “இன்னும் ஈரம் இருக்கு” என்று கால்கிலோ கழிவு வேறு. வட்டியும் உப்பும் போக, மூன்று நாள் வேலைக்கு நூறு ரூபாய் நின்றால் பெரிய விஷயம். அதையும் யாவாரி பதினைந்து நாள் கழித்துத் தருவார். மழை வந்தால் மொத்தமும் புழுத்துப்போகும். அது கோழித்தீவனத்துக்கு, கிடைத்த விலைக்கு.

“வெயிலு குடிச்ச தண்ணிக்கு யாரு காசு தருவா, சொல்லுங்க?”

மதுரையில் நான் வாங்கும் கடையில் இதே கருவாடு கிலோ ஆயிரத்துக்குக் குறைந்ததில்லை. இடையிலுள்ள 400 ரூபாயில் லாரி வாடகை, கடை வாடகை எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாவாரியின் பணத்தில் மழை நனையாது, ஈ மொய்க்காது. ஏலம் விடுகிறவர் படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்து மீனைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார். யாவாரி அக்காவுக்குக் கடன் கொடுத்துக் கருவாட்டைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார். மீனின் வாங்கும் விலையும் விற்கும் விலையும் இரண்டு ஆண்கள் முடிவு செய்வது. நடுவில் வெயிலும் உப்பும் நகம் போன விரலும் மட்டும் ஒரு பெண்ணுடையது. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில், உப்பைக்கூட அவர் சில்லறையாகத்தான் வாங்குகிறார். தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, நல்லது. இவர் கேட்பதோ வேறு. மழைக்குப் பூட்டிவைக்க ஒரு கிட்டங்கி, வட்டியில்லாமல் ஏலத்துக்கு ஒரு கைமாற்று. பெண்கள் கூட்டுறவுச் சங்கம் வழியாகச் செய்யக்கூடிய காரியங்கள்தான் இரண்டும். வட்டிக்காரர்களும் வியாபாரிகளும் வசதியாக இருக்கும்வரை யாருக்கு அவசரம்?

நண்பர் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் அங்கேயே நின்று இன்னும் கத்தியிருப்பேன். அக்காவுக்குச் சிரிப்பு. “நீங்க ஏன் தம்பி கொதிக்கிய? நாங்க பழகிட்டோம்.”

இரண்டு கிலோ வாங்கினேன். அவர் கிலோவுக்கு 700 சொன்னார், கொடுத்தேன். யாவாரி தருவதைவிட அவருக்கு நூறு கூட, மதுரைக் கடையைவிட எனக்கு முன்னூறு மிச்சம். தூத்துக்குடிக்கு மீன் சாப்பிடப் போகிறவர்கள் மக்ரூன் கடையில் வரிசையில் நிற்பதற்கு முன் திரேஸ்புரம் கரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். காலையில் போங்கள், சில்லறையாகப் பணம் எடுத்துப் போங்கள். கருவாட்டின் முதுகைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழாவிட்டால் நன்றாகக் காய்ந்தது. விலையை மட்டும் பேரம் பேசாதீர்கள்.