கலசத்தை யார் கண்டார்?

கோவை நகரில் உலோகத்தைப் பற்றி ஏதும் அறியாத குடும்பங்கள் குறைவு. கணபதியிலும் பீளமேட்டிலும் வார்ப்படப் பட்டறைகளின் உலை வெளிச்சத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அத்தகைய ஊரிலும் ‘இரிடியம் கலசம்’ என்னும் பேச்சு எடுபடுவதே எனக்குப் பெருவியப்பு.

கோபுரக் கலசத்தின்மீது பல்லாண்டுகள் இடி விழுந்தால் அதன் செம்பு இரிடியமாக மாறிவிடுமாம். இல்லை, உள்ளே இட்ட வரகுதான் அந்தச் சக்தியைக் காக்கிறது என்பர் வேறு சிலர். அரிசி மணிகளைத் தன்பால் இழுக்கும். அருகில் சென்றால் கைவிளக்கு அணையும். அமெரிக்காவின் நாசா நிறுவனம் கோடிகள் கொடுத்து வாங்கும். இவ்வாறு ஆளுக்கொரு விளக்கம். விளக்கம் கூறுவோரில் கலசத்தைக் கையால் தொட்டவரை மட்டும் நான் இதுவரை கண்டதில்லை. இப்பேச்சை நம்பிக் கோவிற் கலசங்களைத் திருடியவர்களும் உண்டு.

இரிடியம் கற்பனைப் பொருளன்று. 1803-ஆம் ஆண்டு ஸ்மித்சன் டெனன்ட் என்னும் ஆங்கிலேயர் பிளாட்டினத் தாதுவின் கசடிலிருந்து அதைக் கண்டறிந்தார். அதன் உப்புகள் பல நிறம் காட்டியதால் கிரேக்கரின் வானவில் தேவதையான ஐரிசின் பெயரைச் சூட்டினார். இன்று மோட்டார் வாகனங்களின் ஸ்பார்க் பிளக் முனையிலும் அது உண்டு. அங்கே அது அரிசியை இழுத்ததாக எந்த மெக்கானிக்கும் சொல்லவில்லை.

என் சிற்றப்பா மகன் பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர். மகள் திருமணத்துக்கெனச் சேர்த்த மூன்று லட்சம் ரூபாயை ஒரு தரகரிடம் கொடுக்க எண்ணி, யோசனை கேட்க வந்தார். அவரை இழுத்தது பக்தியன்று, விலை. நாற்பதாண்டுகள் வார்ப்படத் தொழிலில் இருந்த எங்கள் மாமாவும் அப்போது உடனிருந்தார்.

“மாப்பிள்ளை, செம்பு 1,085 டிகிரியில் உருகும். இரிடியத்துக்கு 2,446 வேண்டும். அந்தக் காலத்துக் கன்னார் எந்த உலையில் உருக்கினாருங்க?”

“உருக்கவில்லைங்க மாமா. இடிதான் மாற்றியதாம்.”

செம்பின் அணு எண் 29, இரிடியத்தின் எண் 77. இடி செம்பை உருக்கலாம், துளைக்கலாம். 29-ஐ 77 ஆக்காது என்றேன். மாமாவுக்கு எண்கள் வேண்டியிருக்கவில்லை. “ஒரு வாளித் தண்ணீரும் தராசும் கொண்டுபோங்க. ஒரு லிட்டர் நீரை வெளியேற்றும் செம்பு ஒன்பது கிலோ இருக்கும், இரிடியமானால் இருபத்திரண்டரை” என்றார்.

தரகரிடம் தொலைபேசியில் கேட்டபோது, நீர் பட்டால் சக்தி போய்விடும் என்று பதில் வந்தது. விஞ்ஞானி ஒருவர் வந்து சோதிப்பாராம். அவர் அணியும் காப்பு உடைக்குத் தனியே பணம் கட்டவேண்டுமாம். இதே உடை, இதே நாசாக் கதையைச் சொல்லி ஒரு வணிகரிடம் 1 கோடியே 43 லட்சம் ரூபாய் பறித்ததாகத் தந்தையும் மகனும் 2018-இல் டில்லியில் கைதாயினர். 2014-இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ திரைப்படத்திலும் இம்மோசடி வருகிறது. அதைத் தம்பி இருமுறை பார்த்தவர்தாம்!

அன்று அவர் பணத்தைக் கொடுக்காமல் திரும்பிச் சென்றார். ஒரு லட்சம் முன்னரே கைமாறியிருந்த செய்தியை மறுவாரம்தான் மனைவியிடம் சொன்னார். அது திரும்பவில்லை. தை மாதத்தில் நடக்கவிருந்த திருமணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று.