தாம்பரத்துக்கு ஓர் ஒத்திகை

காலேஜ் பார்க்கக் காரில் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். கேட்டுக்குள் இறங்கி, கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு, 'சூப்பர் காலேஜ்' என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். படிக்கப் போகிற பிள்ளை தினமும் காரிலா போகப் போகிறது? மூன்று வருஷமும் பஸ், ரயில், நடராஜா சர்வீஸ். முதலில் பார்க்க வேண்டியது அந்த வழியை அல்லவா?

என் தங்கை ப்ளஸ் டூ முடித்த கையோடு, "பாட்டனி படிக்கணும். அதுவும் தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்லதான்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீடு ராயபுரம். அம்மாவின் பூகோளத்தில் தாம்பரம் என்பது மதுரைக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஊர்.

"செடி கொடியைப் பத்திப் படிக்க அவ்ளோ தூரம் போகணுமா? மொட்டை மாடியில துளசி இருக்கே!"

ஹாஸ்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவின் பென்ஷனும் என் சம்பளமும் சேர்ந்து மாசக் கடைசியில் மூச்சு வாங்கும் வீடு எங்களுடையது. இரண்டு நாள் வாதப் பிரதிவாதத்துக்குப் பிறகு அப்பா தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரு நாள் போயிட்டு வாங்க. தினமும் போய்வர முடியும்னு தோணினா சேரட்டும். இல்லேன்னா பக்கத்துலயே ஒரு காலேஜ்." எதிர் வீட்டுக்காரர் காரில் கூட்டிப் போவதாகச் சொன்னார். தங்கைதான், "வேணாம் அங்கிள், இது ரிகர்சல்" என்றாள். ஆபீஸில் ஒரு நாள் லீவு சொன்னேன்.

கல்மண்டபத்தில் பஸ் ஏறினோம். முன்னும் பின்னும் பிங்க் பெயின்ட் அடித்த சாதாரண பஸ். 2021-லிருந்து இந்த பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் தங்கைக்குப் பூஜ்யம் போட்ட டிக்கெட்டையும் எனக்குக் காசு போட்ட டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார். அவள் தன் டிக்கெட்டை என் முகத்துக்கு நேரே ஒரு தடவை ஆட்டிக் காட்டினாள். தங்கை என்றால் அப்படித்தான்.

பீச் ஸ்டேஷனில் ஒன்று கவனிக்க வேண்டும். இங்கிருந்து வேளச்சேரிக்கும் வண்டி போகிறது. போர்டைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால், கண் விழிக்கும்போது மயிலாப்பூர் வந்திருக்கும். தாம்பரம் வழி வேறு. கோட்டை, பார்க், எழும்பூர் என்று ஆரம்பித்து, பீச்சையும் தாம்பரத்தையும் சேர்த்து மொத்தம் 18 ஸ்டேஷன். ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பாதையில் ஏ.ஸி. வண்டியும் ஓடுகிறது. "அது சம்பளம் வாங்கினதும் பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சாதாரண வண்டியில் ஏற்றினேன். "யார் சம்பளம்?" என்று கேட்டாள்.

வண்டி கிளம்பியதும் எனக்கு ஒரு ஆச்சரியம். இடிபாடு இருக்கும் என்று எதிர்பார்த்துத் தோளை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். சௌகரியமாக உட்கார இடம் கிடைத்தது! பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வந்த வண்டிகளில்தான் வாசல்வரை மனிதர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஊரே வேலைக்காகத் தெற்கிலிருந்து வடக்கே வருகிறது. ராயபுரத்துப் பெண் படிப்புக்காக வடக்கிலிருந்து தெற்கே போகிறாள். சாயந்திரம் இதே கதை தலைகீழ். வரைபடத்தில் தூரத்தை அளந்து பயந்துகொண்டிருந்த எங்களுக்கு இது யாரும் சொல்லாத சங்கதி. கிண்டியில் ஒரு கூட்டம் இறங்கியது. திரிசூலத்தில் எதிரே விமான நிலையம். தங்கை ஜன்னலில் ஒரு கண்ணும், மடியில் விரித்த நோட்டில் ஒரு கண்ணுமாக, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மணி குறித்துக்கொண்டே வந்தாள். சானடோரியத்தில் மெப்ஸ் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் இறங்க, பெட்டி இன்னும் காலியானது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். 1837-ல் ஒரு சின்னப் பள்ளிக்கூடமாக ஆரம்பித்ததுதான் இந்தக் காலேஜ். அப்புறம் ரொம்ப காலம் அது இருந்தது ஜார்ஜ் டவுனில், ஐகோர்ட்டுக்கு எதிரே. அதாவது நாங்கள் ரயில் ஏறிய பீச் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகிற தூரம்! டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்ததெல்லாம் அங்கேதான். இட நெருக்கடி தாங்காமல் 1937-ல், சரியாக நூறாவது வருஷத்தில், தாம்பரத்துக்குக் குடிபோனது. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1931-ல்தான் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. ரயில் இல்லாத காட்டுக்கு யார் காலேஜைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? இதைச் சொன்னதும் தங்கை, "அப்ப காலேஜே நம்ம ஏரியாவுலேர்ந்து இந்த வழியாத்தான் போயிருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். நல்ல பாயின்ட். குறித்து வைத்துக்கொண்டேன்.

தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். மேற்கே இறங்கினால் ஜி.எஸ்.டி. ரோடும் பஸ் இரைச்சலும். கிழக்கே இறங்கி நடந்தால் வேளச்சேரி ரோட்டில் காலேஜ் கேட். வாட்ச்மேன் யார், எதற்கு என்று விசாரித்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

உள்ளே நுழைந்ததும் யாரோ ரேடியோவைப் பட்டென்று நிறுத்தின மாதிரி இருந்தது. மொத்தம் 365 ஏக்கர். நாளுக்கு ஒரு ஏக்கர் என்று சுற்றினாலும் ஒரு வருஷம் ஆகும். சேலையூர்க் காட்டில் வாங்கிய இடம் இது. இன்றைக்கும் கட்டடங்களுக்கு நடுவே அந்தப் புதர்க்காடு இருக்கிறது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற கெமிஸ்ட்ரி பேராசிரியரும் அவர் மனைவி ஆலிஸும் இங்கே மரம் வளர்ப்பதையே ஒரு தவமாகச் செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேப்ப மரம், புளிய மரம், 'மற்ற மரம்'. தங்கை ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, கீழே கிடந்த இலையைப் பொறுக்கி, நரம்பைப் பார்த்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். காரில் வந்த ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போய், திரும்பியும் போய்விட்டது. நாங்கள் இன்னும் நாலாவது மரத்தில் இருந்தோம். வீட்டில் இத்தனை வருஷம் என்னோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்ட பெண்ணா இவள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில்தான் குண்டு போட்டாள்.

"அண்ணா, நீங்க முன்னாடி ஏறிக்குங்க. நான் லேடீஸ்ல வரேன்."

"எதுக்கு? சேர்ந்தே போலாமே!"

"தினம் நீங்களா கூட வரப்போறீங்க?"

பதில் இல்லை. ஏறினேன். ஒரு மணி நேரப் பயணத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே... ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையை நீட்டி லேடீஸ் பெட்டியைப் பார்த்தேன். மாம்பலத்தில் ஒரு பெரியவர், "தம்பி, யாரையாவது தேடறீங்களா?" என்று கேட்டேவிட்டார். பீச்சில் குதித்து இறங்கி ஓடினால், அவள் எனக்கு முன்னாலேயே இறங்கி, வெயிட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று மணி குறித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பா நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஜார்ஜ் டவுன் கதையைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "வர்றப்ப உட்கார இடம் கிடைச்சுதா?" என்று அவளைக் கேட்டார்.

"கிடைச்சுதுப்பா. தூங்கிட்டே வந்தேன்."

தூங்கினாளாம்! நான் அங்கே பதினெட்டு தடவை தலையை நீட்டிக்கொண்டு...

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து என் பழைய டிபன் பாக்ஸை இறக்கி, மூடி இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.