தாப்பாவில் ஒரு பாட்டி காட்டிய அழகு

தாப்பாவை நீங்கள் எத்தனை முறை கடந்து போயிருப்பீர்கள்! கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை இங்குதான் தொடங்குகிறது. கடைத்தெருவில் ஒரு தேநீர், பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக். பிறகு மலைமேல்தான் நம் எண்ணம். “தாப்பாவில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்போரே அதிகம். இவ்வட்டாரத்துத் தோட்டப்பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லித்தரும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் மாணவர் சிலரைக் கோல வோவுக்கு அழைத்துப் போனேன். மலைச்சாலையில் சற்றுத் தூரம் ஏறினால் வரும் இடம் அது. பாத்தாங் பாடாங் ஆறு பாறைகளில் மோதி ஓடும். அருகே வெந்நீர் ஊற்றும் உண்டு. எங்களுக்குத் துணையாக ஒரு மாணவனின் பாட்டியும் வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அவருடையது.

ஊற்றோரத்து ஈர மணலில் கண்கொள்ளாக் காட்சி ஒன்று காத்திருந்தது. பத்துப் பதினைந்து வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. கன்னங்கரிய சிறகு, அதில் பல் பல்லாகப் பச்சை ஒளி, கழுத்தில் குங்குமச் சிவப்பு. சிறகை விரித்தால் 15 சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கும். இதற்கு ‘ராஜா புரூக்’ என்று பெயர். 1855இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர், சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். மணலில் ஊறும் நீரிலுள்ள உப்புச் சத்தை உறிஞ்சவே இவை வருகின்றன. அப்படிக் கூடுபவை ஆண் பூச்சிகளே. பெண் பூச்சிகள் பெரும்பாலும் காட்டு மரங்களின் உச்சியிலேயே இருந்துவிடும்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பையன் போத்தலுடன் மெல்ல நெருங்கினான். பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுறா. தண்ணி குடிக்க வந்தத புடிக்கக் கூடாது.”

சட்டமும் அப்பூச்சியைப் பாதுகாக்கிறது என்று நான் சொல்ல இருந்தேன். அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

“எப்படிப் பாட்டி இருக்கிறது, இந்த அழகு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு, வாத்தியாரே. ஆனா இதவிட அழகா ஒன்னு நான் தெனமும் பாத்திருக்கேன்.”

“எங்கே?”

“தீம்பாருலதான். விடியிறதுக்கு முன்னாடி, நெத்தி வெளக்கு வெளிச்சத்துல பட்டையச் சீவுவோம்ல? சீவுன கோட்டுல முத்து முத்தா பால் கட்டும். ஒரு மூச்சு நேரம் அப்படியே நிக்கும். அப்புறந்தான் ஒன்னாச் சேந்து மங்குக்கு எறங்கும். அந்த ஒரு மூச்சு நேரந்தான் எனக்குச் சாமி கும்புடுற நேரம். கோயிலுக்குப் போக எங்க நேரம் இருந்துச்சு?”

நான் வாயடைத்து நின்றேன். விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், அதனால்தான் பால் நன்றாக ஓடுகிறது என்று வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பால் ஓடும் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கும்பிடத் தெரிந்தவர் பாட்டி.

“இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா, பாட்டி?”

“யாரு கேட்டா?” என்று சிரித்தார். பாட்டி வெட்டிய மரங்கள் இன்று இல்லை. அந்தத் தீம்பாரில் செம்பனை நிற்கிறது.

வாசகர்களே, அழகு வயிற்றை நிரப்பாது என்பது எனக்கும் தெரியும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளில் கூலி குறையும் என்று கலங்கிய குடும்பத்தில்தான் நானும் வளர்ந்தேன். கொசுக்கடியும் அட்டைக்கடியும் நம் பெற்றோர் அறிந்தவைதான். அந்தக் கஷ்டத்தை அழகு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கஷ்டத்தின் நடுவிலும் இறைவன் ஒருத்தியின் பெயரைச் சொல்லி ஒரு வரத்தை அனுப்பினான். அவள் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள் என்பதையே சொல்கிறேன்.

நம் வீடுகளிலும் இப்படி வாங்கிய வரங்கள் இருக்கும். இலையுதிர் காலத்தில் தோட்டமே செம்பொன்னாய் நின்றதை அப்பா பார்த்திருப்பார். வெயிலில் ரப்பர்க்காய் ‘பட்’டென்று வெடிப்பதை அம்மா கேட்டிருப்பார். யாரும் கேட்காததால் அவர்கள் சொல்லவில்லை. அவர்களோடு அவையும் போய்விட்டால், அனுப்பியவனுக்கு நன்றி சொல்ல யார் இருப்பார்?

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் சற்று உட்காருங்கள். “நீங்கள் பார்த்ததிலேயே அழகானது எது?” என்று கேளுங்கள்.

கோல வோவுக்கு அடுத்த விடுமுறையில் போகலாம். பெரியவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.