பொற்றையடியிலிருந்து

பொற்றை என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் பாறைக்குன்று. அதன் அடியில் இருக்கிற ஊர் பொற்றையடி. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில், கொட்டாரம் தாண்டினால் வந்துவிடும். மாசி மாதத்து ஒரு விடியற்காலையில் அங்கே ஒரு சாயாக்கடை வாசலில் நானும் என் அக்காள் மகளும் நின்றுகொண்டிருந்தோம். போன வருடம் பாலித் தீவுக்குப் போனவள் அவள். நடு இரவில் எழுந்து, கையில் டார்ச் விளக்கோடு 1717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் எரிமலையில் ஏறி, சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு வந்தாள். படங்களை எனக்குக் காட்டியபோது, "நம்ம மருந்துவாழ் மலையில ஏறியிருக்கியா மக்களே?" என்று கேட்டேன். பள்ளிக்கூட நாள் முதல் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த மலை, ஏறியதில்லை. "கூட்டிட்டுப் போங்க மாமா" என்றாள்.

பையில் இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு சீப்பு மட்டிப்பழமும். மட்டி எங்கள் மாவட்டத்துக்கே உரிய சின்ன வாழைப்பழம், நல்ல மணம். மலையேற்றத்துக்கு அதைவிடத் தோதான தீனி எனக்குத் தெரியாது.

மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில் கொஞ்ச தூரம் படிகள். அப்புறம் கல்லும் மண்ணும் கலந்த பாதை, கள்ளிப் புதர், இடையிடையே பெரிய பாறை முதுகுகள். எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் இறங்கி வந்தார். தோளில் துணிப்பை. வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசான் என்று பேச்சுக் கொடுத்ததும் தெரிந்தது. பையைத் திறந்து நன்னாரி வேரை எடுத்துக் காட்டினார். பென்சில் மொத்தம்கூட இல்லை, மேல்தோல் கறுப்பு. நகத்தால் கீறி அவள் மூக்கருகில் நீட்டினார். குளிர்ந்த, இனிப்பான அந்த வாசனையில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கொடியை முழுசாப் பிடுங்கப்பிடாது. பாதி வேரை மண்ணுல விட்டுட்டு மூடிரணும். அடுத்த மழைக்குத் தளுத்திரும்" என்றார். போகும்போது, "பைய ஏறுங்க மக்கா, வெயிலுக்கு முந்தி எறங்கிருங்க."

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது உதிர்ந்து விழுந்த துண்டுதான் இது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. பக்கத்து ஊர் அகஸ்தீஸ்வரம், அகத்தியர் பெயரைச் சுமக்கிற ஊர். கதை எப்படியோ, மருந்து தேடி வந்தவர்களின் கால்கள்தான் இந்தத் தடத்தைப் போட்டிருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாதை நேராக உச்சிக்குப் போவதில்லை. நிழலுக்கும் சுனைக்கும் செடிக்கும் வளைந்து வளைந்து போகிறது.

பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கடலுக்கு மேல் சூரியன் வந்தது. வெளிச்சம் சாய்வாக விழுந்தபோதுதான் பாறைக்குள் சிவப்புச் சிவப்பாகப் பொடி மணிகள் தெரிந்தன. அவை கார்னெட் கற்கள். இந்த மலைகளின் பாறை மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலை அதை அலசிக் கரையில் ஒதுக்குகிறது. கன்னியாகுமரியில் பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்களே, அந்தச் சிவப்பு மணல் பெரும்பாலும் இந்தக் கார்னெட்தான். அவள் விரலால் ஒரு மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்த மணல் பொட்டலத்துக்காக அழுது அடம்பிடித்தவள்.

மேலே பிள்ளைத்தடம் குகை. குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே குளிர்ச்சி, குகைவாய் வழியாக வானமும் கடலும். ஸ்ரீ நாராயண குரு தவம் இருந்த இடம் இது. அதன் பிறகுதான் 1888இல் அருவிப்புறத்தில், தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் கோயில் பிரதிஷ்டை செய்யலாகாது என்ற கட்டை உடைத்து, தன் கையால் சிவலிங்கத்தை நிறுவினார். மலையிலிருந்து சற்றுத் தொலைவில் சாமிதோப்பு. தலைப்பாகை கட்ட உரிமையில்லாத மக்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்த அய்யா வைகுண்டரின் ஊர். இன்றைக்கும் அங்கே ஆண்கள் தலையில் துணி கட்டித்தான் பதி என்கிற வழிபாட்டிடத்துக்குள் போகிறார்கள். இருவர் வழியிலும் கண்ணாடி வைத்த சன்னிதிகள் உண்டு. கும்பிட வந்தவன் தன் முகத்தையே பார்க்கிறான். இவ்வளவையும் அந்தக் குகைவாயில் உட்கார்ந்து சொன்னேன். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். தெற்கே 133 அடி வள்ளுவர் ஓர் அரிசி மணி அளவுக்கு நின்றார். மேற்கே வயல், தென்னை, சுசீந்திரம் கோபுரம், கவிமணி பிறந்த தேரூரின் குளம், பழையாறு கடலில் கலக்கிற மணக்குடிக் காயல். வடக்கே ஒன்றன்மேல் ஒன்றாக நீல மலைகள். "தீவு மாதிரி இருக்கு மாமா" என்றாள் அவள். மூன்று பக்கம் நீர், நான்காவது பக்கம் மலை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த நீலத்தின் நடுவே வெள்ளையாகச் சில வெட்டுகளும் தெரிந்தன. கல்குவாரிகள். எங்கள் மாவட்டத்துப் பொற்றைகள் ஒவ்வொன்றாக லாரி ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. இதை எழுதுவதற்கு ஒரு காரணமும் அதுதான்.

இறங்கி வந்து, பனையோலைப் பட்டையில் அக்கானி குடித்தோம். பதநீர் என்று சொன்னால் இங்கே யாரும் திருத்த மாட்டார்கள், ஆனால் அக்கானி என்று கேட்டால் முகம் மலர்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள்.

மறுநாள் மார்த்தாண்டம் பக்கம், சிதறால். மருந்துவாழ் மலை கால்களுக்கு வேலை கொடுத்தது என்றால் இது வெறும் நடை. கல் பாவிய பாதை, இருபுறமும் ரப்பரும் முந்திரியும். கீழே வீட்டுத் திண்ணையில் இருந்த அம்மா ஒருவர், "வெள்ளம் வேணுமா மோளே?" என்று கேட்டார். ஒரு மணி நேரப் பயணத்தில் தண்ணீர் வெள்ளமாகிவிடுகிற மாவட்டம் எங்களுடையது.

இந்த மலையின் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் ஓரிடத்தில் தங்காமல் சஞ்சரிக்கிற சமண முனிவர்கள். நடப்பவர்களின் பெயரையே மலைக்கு வைத்திருக்கிறார்கள். உச்சியில் பெரிய பாறை ஒன்று கூரையாகக் கவிந்திருக்க, அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பார்சுவநாதருக்குத் தலைக்கு மேல் பாம்புப் படம். சமணப் பெண் தெய்வமான இயக்கியும் நிற்கிறாள். பிற்காலத்தில் இது பகவதி கோயிலாகவும் ஆயிற்று. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள தேவிக்குப் பொன் அணி கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. குரத்தி என்றால் பெண் துறவி, ஆசிரியை; 'கள்' மரியாதைக்கு. ஏறக்குறைய ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் இந்தச் சரிவில் நடந்து வந்த செய்தியைச் சொன்னதும், அக்காள் மகள் பாறையின் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை. சுனையில் காற்று நெளிந்துகொண்டிருந்தது.

உலக்கை அருவிக்கும் போக ஆசைப்பட்டாள். அழகியபாண்டியபுரம் வழியாக அசம்பு மலைக்குள் போகிற பாதை, உலக்கையை நட்டுவைத்தது போல விழுகிற நீர். ஆனால் அது காட்டுவழி. வனத்துறையிடம் கேட்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரரோடுதான் போகவேண்டும். கோடையில் நீரும் குறைவு. அடுத்த விடுமுறைக்கு என்று வைத்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் நான் பிறந்த ஊர். ஊரின் மேற்கே எங்களுக்கும் ஒரு பொற்றை இருந்தது. அக்காவும் நானும் ஆடு மேய்க்கிற பையன்களோடு தினமும் ஏறின குன்று. இப்போது அங்கே கம்பிவேலி போட்ட பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"எந்தப் பக்கமா ஏறுவீங்க மாமா?"

கையை நீட்டிக் காட்டினேன். கீழே புளியமரம் நின்ற இடம், அதிலிருந்து இடப்பக்கம் வளைந்து யானைப்பாறை, அங்கே உட்கார்ந்து மாங்காய் தின்போம், அப்புறம் செங்குத்தாக நாலு எட்டு. என் விரல் ஆகாயத்தில் மேலே மேலே போவதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"உச்சியில என்ன இருந்தது?"

"ஒரு சுனை. உள்ளங்கை ரெண்டையும் சேர்த்தா அள்ளலாம், அவ்வளவுதான். உங்கம்மா அதுல முகம் கழுவாம எறங்க மாட்டா."