லாரி ஊரில் பிரெஞ்சு வினைச்சொல்: சில குறிப்புகள்

பத்துவரை தமிழ், பதினொன்றில் பிரெஞ்சு. சேலம், நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் இது பழைய வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு 1200 மதிப்பெண்ணுக்கு நடந்த காலத்தில் மொழிப்பாடத்துக்கு 200. தமிழென்றால் கை வலிக்க எழுத வேண்டும், பிரெஞ்சென்றால் பாடம் கம்மி, மார்க் ஜாஸ்தி என்று பெற்றோருக்குள் ஒரு கணக்கு. 2017-இல் ரேங்க் அறிவிப்பு நின்றது, பிறகு மொத்தமே 600 ஆனது. கணக்கு மட்டும் மாறவில்லை. பத்துவரை தமிழைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின் புண்ணியத்தில், லாரி ஊரான சங்ககிரியில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளுக்கு நன்னூல் வாடை கொஞ்சமாவது இருக்கிறது. எனக்கு அது போதும்.

*

‘அலகிட்டு வாய்பாடு தருக.’ ‘பகுபத உறுப்பிலக்கணம் தருக.’ தமிழ்த் தேர்வில் இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒரே சொல்லை இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

‘ஏற்றினான்.’ லாரி ஊரில் இதைவிடப் பழகிய வினை ஏது? அலகிட்டால் ஏற் / றினான். நேர் நிரை, கூவிளம். உறுப்பாகப் பிரித்தால் ஏற்று + இன் + ஆன்: பகுதி, இறந்தகால இடைநிலை, ஆண்பால் விகுதி. பகுதியின் வால், காலம், ஆள் மூன்றும் ‘றினான்’ என்ற ஒரே அசைக்குள் மூட்டையாகக் கிடக்கின்றன. வாய் பிரிக்கிற இடம் வேறு, பொருள் பிரிகிற இடம் வேறு.

பிரெஞ்சிலும் இதே கதைதான். ‘ஒபெயிர்’ என்றால் கீழ்ப்படிதல். ‘தெஸ்’ முன்னால் ஒட்டினால் கீழ்ப்படியாமை. உறுப்பு தெஸ் + ஒபெயிர். வாய் சொல்வதோ தெ–ஸொ–பெ–யிர். முன்னொட்டின் கடைசி மெய் அடுத்த உயிரின்மேல் ஏறிக்கொள்கிறது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பென்று படித்த பிள்ளைக்கு இதில் அதிர்ச்சி இல்லை.

ஆனால் ஓர் இடறல். மெய்யில் தொடங்கும் வினைக்கு முன்னால் ‘தெ’, உயிருக்கு முன்னால் ‘தெஸ்’. உடனே “உடம்படுமெய்யா சார்?” என்பார்கள். இல்லை. லத்தீனில் ‘திஸ்’ என்றிருந்தபோதே எஸ் அதில் உண்டு. மெய்க்கு முன்னால் அது தேய்ந்து உதிர்ந்தது, உயிருக்கு முன்னால் பிழைத்தது. ஒட்டவைக்க வந்த எழுத்தல்ல, உதிராமல் நின்ற எழுத்து.

*

நன்னூல் எழுதிய பவணந்தி கொங்கு நாட்டுக்காரர், பெருந்துறைப் பக்கம் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். வேறு ஊர் சொல்கிறவர்களும் உண்டு. சீனாபுரமாக இருந்தால் எனக்குச் சௌகரியம்: இங்கிருந்து கோவை பஸ் ஏறினால் பெருந்துறை வழியில்தான். பக்கத்து ஊர்க்காரர் சொன்ன ஆறு உறுப்பு என்றால் பையன்கள் கொஞ்சம் காது கொடுக்கிறார்கள்.

*

ஷார்ஜே: சரக்கேற்று. தெஷார்ஜே: சரக்கிறக்கு. ரஷார்ஜே: மறுபடி ஏற்று. ஸுர்ஷார்ஜே என்று பலகையில் எழுதி, ‘ஸுர்’ என்றால் மேலே, அளவுக்கு மீறி என்றேன். “ஓவர்லோடுங்களா சார்?” என்றான் ஒரு லாரிக்காரர் மகன். அவனுக்கு அகராதி தேவைப்படவில்லை.

வேரைத் தோண்டினால் பிற்கால லத்தீனில் ‘கர்ரிகாரே’, வண்டியில் ஏற்றுவது. அதற்கும் கீழே ‘கர்ருஸ்’, வண்டி. போன் சார்ஜர், ரீசார்ஜ் எல்லாம் அந்த மாட்டுவண்டிப் பரம்பரை, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. பட்டறையில் சொல்லும் சேஸிஸும் கேரேஜும்கூடப் பிரெஞ்சுப் பிறப்பே.

கவனித்தால், அவர்கள் வினை தலைப்பக்கமும் வளர்கிறது, வால்பக்கமும் வளர்கிறது. தமிழ் வினைக்கு வால்தான். தலையில் எதையும் ஒட்டவிடாது. மறுபடி ஏற்ற ‘மறுபடி’ என்று தனிச்சொல் வேண்டும். ஆனால் நம்மிடம் வேறொரு வித்தை உண்டு: ஏறு–ஏற்று, இறங்கு–இறக்கு. நடுவில் ஒரு வல்லினத்தை அழுத்தினால் தன்வினை பிறவினையாகிவிடுகிறது. பிரெஞ்சில் ஏறுவதும் ‘மோந்தே’, மேலே ஏற்றுவதும் ‘மோந்தே’. யார் ஏறினார், யார் ஏற்றினார் என்பதை முன்னால் வரும் துணைவினைதான் காட்டிக்கொடுக்க வேண்டும்: இல் எ மோந்தே, ஏறினான், இல் ஆ மோந்தே, ஏற்றினான். இந்த ஒரு விஷயத்தில் நம் ஏற்பாடு கச்சிதம் என்பது என் கட்சி.

*

எனக்குப் பிடித்த குடும்பம் ‘செரே’, இறுக்கு. வீல் நட்டை முடுக்குவது செரே. கொஞ்ச தூரம் ஓடியபின் நிறுத்தி மறுபடி முடுக்குவது ரசெரே. கழற்றத் தளர்த்துவது தெசெரே.

எழுத்தில் இரண்டிலும் எஸ் இரட்டிக்கும். காரணம், இரு உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் ஒலி மெலிந்து, தேனீ ரீங்கரிப்பதுபோல் ஆகிவிடும். செரேயின் முதலெழுத்தைக் காப்பாற்ற இன்னொரு எஸ் துணைக்கு வருகிறது. ‘காசு’வில் சகரம் குழைவதும் ‘அச்சு’வில் விறைப்பதும் நம் காதுக்குப் புதிதா என்ன?

இனித்தான் வேடிக்கை. எழுத்தில் அசை பிரித்தால் ‘ரெஸ்–’, ‘தெஸ்–’ என்று இரண்டுமே மெய்யில் மூடிய அசைகள். மூடிய அசையில் எகரம் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பது விதி. ‘தெசெரே’யில் ஒலிக்கிறது. ‘ரசெரே’யிலோ முனகலாக மழுங்குகிறது. ‘மறுபடி’ என்ற பொருள் தரும் முன்னொட்டு பிறவியிலேயே மழுங்கல். இரட்டித்த எஸ் வந்து அசையை மூடினாலும் அது தன் குரலை மாற்றிக்கொள்வதில்லை. அசைவிதியைச் சொல்லாக்கம் தோற்கடிக்கும் இடம் இது. மனப்பாடம் செய்தவர்கள் இங்கே வழுக்குவார்கள், உறுப்புப் பிரித்தவர்கள் தப்பிப்பார்கள்.

*

அந்த மழுங்கல் எகரத்துக்கு நம்மிடம் கிட்டத்தட்ட ஒரு சொந்தக்காரர் உண்டு: குற்றியலுகரம். உயிர் வந்தால் இரண்டும் ஓடிவிடும். பிரெஞ்சு மரபுக்கவிதையில் மெய் வந்தால் மழுங்கல் எகரமும் ஓர் அசையாக எண்ணப்படும், பேச்சில் பெரும்பாலும் விழுங்கப்படும்.

*

அழைப்பதற்கு ‘அப்லே’. எழுத்தில் மூன்று அசை, பேச்சில் இரண்டு. திரும்ப அழைப்பது ‘ரப்லே’. ‘நாங்கள் அழைக்கிறோம்’ என்னும்போது ஒற்றை எல், ‘நான் அழைக்கிறேன்’ என்னும்போது இரட்டை எல். பின்னதில் விகுதி ஊமை, அழுத்தம் வேரின்மேல் விழுகிறது, எகரம் திறந்து ஒலிக்கிறது. அதைக் காட்டத்தான் இரட்டிப்பு. இந்த வகை வினைகளில் இரட்டிப்பை விட்டு எகரத்தின்மேல் ஒரு கோடு போட்டால் போதும் என்று 1990 டிசம்பரில் அவர்கள் அரசிதழில் திருத்தம் வெளியிட்டார்கள். அப்லேவுக்கும், எறிவதைக் குறிக்கும் ‘ஜெதே’க்கும், அவற்றின் குடும்பத்துக்கும் மட்டும் விலக்கு. தினம் எழுதிக் கை பழகிய சொற்களில் எந்தச் சீர்திருத்தக்காரரும் எளிதில் கைவைப்பதில்லை.